குழாய்நீர் வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றை எடுத்து விரித்துப் பாருங்கள். காணியின் பெயர், அதன் பரப்பும் குழியும், நாற்றிசை எல்லைகள் ஆகியவற்றை முறையாகச் சொன்னபின், கிணற்றில் இத்தனையில் இத்தனை பங்கும், அக்கிணற்றுக்குப் போகும் வழிவாய்க்கால் பாத்தியதையும் என்றொரு வாசகம் வருவதைக் காண்பீர்கள். ஒரு கிணற்றை எட்டுப் பங்காகவும் பதினாறு பங்காகவும் பிரித்து, இன்னாருக்கு இத்தனை என்று நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்ட சமூகம் நம்முடையது. நீரின் அருமையை இதைவிடத் தெளிவாக எழுதிவைத்த சமூகம் வேறு உண்டோ என்பது ஐயம்.

ஆனால், அந்த வீட்டிலிருந்து வெளியேறும் அழுக்குநீர் எங்கே போகவேண்டும் என்று எழுதிய உறுதி ஒன்றையேனும் என் தொழிலில் யான் கண்டதில்லை. நம் முன்னோர் அதை எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பதினாறு பரப்புக் காணியில் ஒரு வீடும், ஒரு கிணறும், கோடியில் வாழைத்தோட்டமும் இருந்த காலம் அது. துலாவில் அள்ளிக் குளித்த நீர் வாழைக்குப் போயிற்று. மீந்ததை மண் குடித்தது.

இன்று நிலை வேறு. சீதனமாகவும் முதுசமாகவும் அக்காணி நான்காகவும் எட்டாகவும் பிரிந்துவிட்டது. இரண்டு பரப்பில் ஒரு மாடிவீடு, அதற்கொரு கிணறு, அதற்கொரு மலக்குழி. சில ஆண்டுகளுக்கு முன், உடன்பிறந்தார் இருவர் எல்லைமதில் பற்றிய வழக்கொன்றில் என்னிடம் வந்தனர். காணியைப் பார்க்கப் போனேன். அண்ணன் தன் குழியைத் தன் கிணற்றுக்கு எட்டத்தில் வெட்ட எண்ணித் தம்பியின் எல்லையோரமாக வெட்டியிருந்தார். தம்பியும் அதே நியாயத்தை எண்ணித் தம் குழியை அண்ணனின் எல்லையோரமாக வெட்டியிருந்தார். ஒவ்வொருவரும் தம் கிணற்றைக் காத்து மற்றவர் கிணற்றை நஞ்சாக்கிக் கொண்டிருந்தனர். அவர்களோ மதிலின் ஆறு அங்குலத்துக்காக நீதிமன்றம் ஏறியிருந்தனர்!

இவ்விரு சகோதரரின் கதையே இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதையாகும்.

நிலத்தின் கீழ் உள்ள நம் ஆறு

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை என்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்தது. நமக்கு ஆறு ஒன்று வேண்டுமென்று கனவு கண்டவர்களும் உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் அவர்கள் 1950களில் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம், கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவர எண்ணியது. அத்திட்டம் இன்னும் நிறைவேறவில்லை. அதன் கதை வேறொரு நாளைக்குரியது.

ஆயினும் நமக்கு ஆறு இல்லையென்று சொல்வது முழு உண்மையன்று. நம் ஆறு நிலத்தின் கீழ் இருக்கிறது. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடைக்காற்று மழை மண்ணூடாக இறங்கி, அக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. அடியிலே கடல்நீர், அதன்மேல் மிதக்கும் ஏடுபோல நன்னீர். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலாரின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். இதனாற்றான் அளவுமீறி இறைத்த தோட்டக் கிணறுகள் பல உவராயின.

இந்தக் கல்லின் இயல்பு இன்னொன்றும் உண்டு. மணல் நீரை வடிகட்டும். வெடித்த சுண்ணாம்புக்கல் வடிகட்டாது. நிலாவரைக் கிணற்றையும் கீரிமலை ஊற்றையும் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கல்லினுள் நீர் வழி தேடி ஓடுகிறது. ஓரிடத்தில் விழுந்த அழுக்கு அவ்விடத்தில் நில்லாது. என் குழியின் ஊற்று அயலவன் கிணற்றில் எழலாம். நகரத்தின் அழுக்குக் கிராமத்தின் தோட்டத்தில் எழலாம். உறுதியில் எழுதிய எல்லை நிலத்தின் மேலுள்ள எல்லை மட்டுமே. நிலத்தின் கீழ் நாம் எல்லோரும் ஒரே கிணற்றின் பங்காளிகள்.

உர மூடைக் கணக்கு

கமக்காரருக்கு விளங்கும் கணக்கொன்றைச் சொல்கிறேன். ஒரு மனிதரின் உடலிலிருந்து ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோ நைதரசன் வெளியேறுகிறது. 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் உள்ள நைதரசன் 23 கிலோ. எனவே, ஆறுபேர் கொண்ட குடும்பம் ஆண்டுதோறும் ஒரு மூடை யூரியாவுக்குச் சமமானதைத் தன் மலக்குழிக்குள் கொட்டுகிறது. யாழ் மாநகர எல்லைக்குள் மட்டும் எண்பதினாயிரம் பேர் வாழ்கின்றனர் என்று கொண்டால், அது ஆண்டுக்கு ஏறக்குறைய 14,000 மூடை. இதில் ஒரு பகுதி குழியிலேயே வாயுவாகக் கழியும். ஒரு பகுதி மண்டியில் தங்கும். மிகுதி நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரில் இறங்குகிறது.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே நாளில் தடைசெய்தபோது, ஒரு மூடை யூரியாவுக்காக நம் கமக்காரர் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டிலும், நகரத்தின் அடியில் ஆயிரக்கணக்கான மூடைகளுக்கு ஈடான பசளை வீணாகக் கிணறுகளுக்குள் கசிந்து கொண்டிருந்தது.

நைத்திரேற்றை நாக்கு அறியாது, மூக்கும் அறியாது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றுச் சாகாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும். குளோரின் இட்டாலும் அது போகாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேற்பட்ட நீரிற் கரைத்த மாப்பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பாரிக்கும் ஆபத்து உண்டு. யாழ்ப்பாணக் கிணறுகளில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துச் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

இதில் நகரத்தார் மட்டுமே குற்றவாளிகள் அல்லர். தோட்டத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் அளவின்றி இடும் யூரியாவும் அதே நீருக்குத்தான் போகிறது. நகரத்தின் மீது பழி சுமத்திக் கமக்காரரைத் தப்பவிடுவதும், கமக்காரர் மீது பழி சுமத்தி நகரத்தைத் தப்பவிடுவதும் ஒரே அளவு அநீதியாகும்.

குழாய் வந்தது, வடிகால் வரவில்லை

ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010ஆம் ஆண்டில் அங்கீகரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் – கிளிநொச்சித் திட்டத்தின் பெயரை நினைவுபடுத்த விரும்புகிறேன். அது நீர் வழங்கல் திட்டம் மட்டுமன்று. நீர் வழங்கலும் சுகாதாரமும் என்பதே அதன் பெயர். யாழ் நகருக்கான கழிவுநீர்த் தொகுதியும் முதல் வரைவில் அதன் ஓர் அங்கமாக இருந்தது.

பின் நடந்தது என்ன? இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். தம் வயலுக்கு நீர் போதாதென்ற அவர்களது அச்சம் நியாயமற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரு பகுதித் தமிழ் மக்களிடையே ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. முடிவில் கடல்நீரை நன்னீராக்குவதென்று தீர்மானமாயிற்று. மருதங்கேணிப் பகுதியில் தாளையடியில் அமைந்த நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடி 40 இலட்சம் லீற்றர், நன்னீர் தரும் வலு அதற்கு உண்டு. இது வரவேற்கத்தக்கது. கெட்ட கிணற்றின் நீரை வேறுவழியின்றிக் குடித்த குடும்பங்களுக்கு அது பெரும் ஆறுதல்.

ஆனால், திட்டத்தின் பெயரிலிருந்த இரண்டாவது சொல் எங்கே? யாழ் நகருக்குக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இன்றும் இல்லை. நீருக்காக வாதிட்ட நம்மில் எத்தனை பேர் வடிகாலுக்காக வாதிட்டோம்? இரணைமடுவுக்காகக் கூட்டங்கள் நடந்தன, அறிக்கைகள் பறந்தன. கழிவுநீர்த் தொகுதி நழுவிப்போனபோது ஓர் ஊர்வலந்தானும் நடந்ததில்லை.

வீட்டுக்குட் செல்லும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுக்கணக்கு. தாளையடி நிலையம் முழுவலுவோடு இயங்கினால், நாள்தோறும் 1 கோடி 90 இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட கழிவுநீர் பிறக்கும். அது போவதற்கு இன்றுள்ள இடம் ஒன்றுதான்: நம் மலக்குழிகள். வாளியால் அள்ளி ஊற்றிய காலத்துக் குழி, தொட்டியைத் திறந்தால் கொட்டும் காலத்து நீரைத் தாங்காது. நீர் பெருகப் பெருக, குழியிலுள்ளது விரைவாகவும் ஆழமாகவும் இறங்கும்.

“நீர் நிலத்தில் இறங்குவது நல்லதுதானே, கிணறு ஊறுமே!” என்று கேட்பார் உண்டு. உண்மைதான். சுத்தம் செய்யப்பட்ட நீர் இறங்கினால் அது வரம். மலத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கினால் அது சாபம். கடலைக் கடைந்து, மின்சாரத்தைக் கொட்டி, பெருஞ்செலவில் பெற்ற நன்னீரை, பரம்பரையாக வந்த நன்னீரைக் கெடுக்கும் கருவியாக்கலாமா என்பதே கேள்வி.

வழுக்கையாற்றின் முறையீடு

நிலத்தின்மேல் ஓடும் ஆறும் நமக்கு ஒன்று உண்டு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலிப் பகுதிகளினூடாக இறங்கி, அராலி – கல்லுண்டாய்ப் பக்கத்தில் கடல்நீரேரியை அடையும் வழுக்கையாறு அது. மாரியில் ஓடுவதும் கோடையில் மறைவதும் அதன் இயல்பு. மாரிவெள்ளத்தை வடித்து ஊரைக் காப்பதும், வழியிலுள்ள குளங்களை நிரப்புவதும், வயல்களுக்கு ஈரம் தருவதும், கிணறுகளை ஊறச்செய்வதும் அதன் தொண்டு. உவர்நீர் உள்ளே ஏறாமல் அராலியில் தடுப்பணை கட்டப்பட்டது அதன் பொருட்டே.

அந்த ஆற்றுக்கு நாம் செய்வது என்ன? கரையை நெருக்கி மதில் கட்டுகிறோம். மாரி முடிந்ததும் அதன் படுக்கையைக் குப்பைமேடாக எண்ணுகிறோம். அதன் வாய் அமைந்த கல்லுண்டாய் வெளியிலோ, மாநகரத்தின் குப்பை ஆண்டுக்கணக்காகக் கொட்டப்படுகிறது. அருகே குடியிருக்கும் மக்கள் நாற்றத்தையும் புகையையும் பற்றிப் பலமுறை முறையிட்டுள்ளனர். நகரத்தின் அழுக்கு எப்போதும் ஏழையின் வாசலையே தேடிப் போவது எதனால்? கொட்டும் இடத்தைத் தீர்மானிக்கும் மேசையில் அந்த ஏழைக்கு ஆசனம் இல்லாததனாலேயே.

மலக்குழி நிறைந்தால் பவுசர் வண்டியை அழைக்கிறோம். அது உறிஞ்சிக்கொண்டு போனபின் எங்கே கொட்டுகிறது என்று கேட்பதில்லை. கண்ணுக்கு மறைந்தது இல்லாதுபோயிற்று என்று எண்ணும் குழந்தையின் அறிவுக்கும் நம் அறிவுக்கும் இவ்விடயத்தில் வேற்றுமை இல்லை. அக்குழியைத் திறந்து அதனருகே நின்று வேலை செய்யும் தொழிலாளியைப் பற்றியோ இன்னும் குறைவாகவே நினைக்கிறோம். வாளி மலசலகூடக் காலத்தில் அவர் தலையில் சுமந்தார். இன்று குழாயைச் சுமக்கிறார். வாளி ஒழிந்தது, அவரை ஒதுக்கிவைக்கும் மனம் ஒழிந்ததா?

பணமில்லை என்னும் வாதம்

இதையெல்லாம் சொன்னால் சபையிலிருந்து உடனே வரும் மறுமொழி: “பணமில்லை.” இந்த வாதத்தைச் சட்டத்தின் கண்கொண்டு நோக்குவோம்.

இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்பது ஒரு நடுத்தர நகரம். அங்கே ஒரு வட்டாரத்தில் வடிகால் இல்லை. கழிவுநீர் தெருவில் நின்றது, நுளம்பு பெருகியது. குடியிருப்பாளர் நீதவானிடம் போனார்கள். பொதுத் தொல்லையை நீக்கும்படி பணிக்க நீதவானுக்கு அன்று அதிகாரம் தந்த குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவே அவர்களது ஆயுதம். வடிகால் அமைக்குமாறு நீதவான் பணித்தார். நகரசபையோ தன்னிடம் பணமில்லையென்று கூறி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1980 ஜூலையில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு அவ்வாதத்தை நிராகரித்தது. மக்களின் நலத்தைக் காப்பதற்கென்றே நிறுவப்பட்ட சபை, பணமுடையைச் சொல்லி அக்கடமையிலிருந்து தப்பமுடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வழிகாட்டும். நம் நாட்டின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு, இந்தியச் சட்டத்தின் 133ஆம் பிரிவோடு ஒரே தாய்வயிற்றிற் பிறந்தது. 1947ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் வடிகாலைச் சபையின் பொறுப்பில் வைத்துள்ளது. சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமையென்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை சொல்கிறது. இயற்கையைப் பேணுவது ஒவ்வொருவரின் கடமையென்று 28ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை, நாம்தான் தட்டவில்லை.

தட்டினால் திறக்கும் என்பதற்குச் சுன்னாகம் சான்று. அங்கே மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்ததையிட்டு மல்லாகம் நீதவான் மன்றில் வழக்கு நடந்தது. கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவும் தாக்கலாயிற்று. 2019 ஏப்ரல் 4ஆம் திகதித் தீர்ப்பில் உயர் நீதிமன்றம், மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென்று பணித்தது. கண்காணிக்கக் கடமைப்பட்ட அரச நிறுவனங்களும் கடமை தவறியதைச் சுட்டியது. நீரைக் கெடுத்தவனே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்னும் கோட்பாடு இவ்வாறு நம் சுன்னாகத்துக் கிணற்றடியிலேயே நிலைநாட்டப்பட்டது. அம்மனுவைத் தாக்கல் செய்தவர் ரவீந்திர குணவர்த்தன காரியவசம் என்னும் சூழலியலாளர். நம் கிணற்றுக்காக ஒரு சிங்கள நண்பர் உயர் நீதிமன்றம் ஏறினார் என்பதை நன்றியோடு நினைவுகூர்வோம். சிறிது நாணத்தோடும் நினைவுகூர்வோம்.

சுன்னாகத்தில் குற்றவாளி ஒரு கம்பனி. அதைச் சுட்டிக்காட்டுவது எளிது. மலக்குழி விடயத்தில் குற்றவாளிகள் நாம் எல்லோரும். ஆகையினாற்றான் யாரும் யாரையும் சுட்டுவதில்லை.

இனிப் பணத்தைப் பற்றி. சென்னையை அடுத்த ஆலந்தூர் நகராட்சி, 1990களின் பிற்பாதியில் தனக்கொரு பாதாளச் சாக்கடைத் திட்டம் வேண்டுமென்று தீர்மானித்தது. அரசின் முழுக்கொடைக்காகக் காத்திருக்கவில்லை. அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர். எஸ். பாரதி தலைமையில் தெருத்தெருவாகச் சென்று மக்களிடம் விளக்கினார்கள். வீட்டுக்கு 5,000 ரூபா வைப்புப்பணமாகக் கேட்டார்கள். மக்கள் கொடுத்தார்கள். மிகுதிக்குக் கடனும் மானியமும் பெற்றார்கள். திட்டம் நிறைவேறியது. கொடுத்தவர்கள் செல்வர்கள் அல்லர். நம்மைப் போன்ற நடுத்தரத் தமிழர். மதிலுக்கும் வாயிற்கதவுக்கும் இலட்சக்கணக்கில் செலவிடும் யாழ்ப்பாணம், கோயிற் கோபுரங்களுக்கு வெளிநாட்டிலிருந்து கோடிக்கணக்கில் பணம் தருவிக்கும் யாழ்ப்பாணம், இதைச் செய்ய இயலாதென்று சொன்னால் யார் நம்புவர்?

கொழும்பின் கடனும் நம் கடனும்

இதனால் மத்திய அரசின் பொறுப்பு தீர்ந்துவிட்டதென்று யாரும் கருதவேண்டாம். கொழும்புக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய்கள் புதைக்கப்பட்டன. மகாவலியைக் காக்கும் பொருட்டுக் கண்டி நகருக்கு ஜப்பானியக் கடனுதவியோடு கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. நல்லதே நடந்தது. யாழ்ப்பாண மாநகரசபை 1949இல் நிறுவப்பட்டு எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆறு உள்ள கண்டிக்கு உள்ள நியாயம், கிணறொன்றையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்துக்கு இரட்டிப்பாக உண்டு. போர் இந்நகரை அழித்த பின் கட்டியெழுப்ப வந்தவர்கள், மேலே வீதிக்குக் காபற் இட்டபோது கீழே குழாய் புதைக்க மறந்தார்கள். இன்று அதே வீதியை மீண்டும் வெட்டவேண்டும். இச்செலவைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்டே தீரவேண்டும்.

ஆனால் ஒன்று சொல்வேன். நிலத்துக்கு அதிகாரம் கேட்கிறோம். பொலிசுக்கு அதிகாரம் கேட்கிறோம். நிதிக்கு அதிகாரம் கேட்கிறோம். அவை நம் உரிமைகள். அதே வேளை, கட்டடத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரமும், கழிவை அகற்றும் அதிகாரமும், பொதுத் தொல்லையைத் தடுக்கும் அதிகாரமும் ஏற்கெனவே நம் உள்ளூராட்சிச் சபைகளின் கையில் இருக்கின்றன. 2025 மே மாதத் தேர்தலின் பின் அச்சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்தன. கையிலுள்ள சிறிய அதிகாரத்தைச் செவ்வையாகப் பயன்படுத்திக் காட்டாதவரின் பெரிய கோரிக்கையை உலகம் எவ்வளவு தூரம் மதிக்கும்? சுயாட்சி என்பது கொடியும் கோட்டையும் மட்டுமன்று. தன் வீட்டு அழுக்கைத் தானே ஆளத் தெரிவதும் சுயாட்சியே.

செய்யவேண்டியது

முதலாவதாக, நீர் சபை எல்லை அறியாது. ஆகவே யாழ் மாநகரசபையும் வலிகாமத்துப் பிரதேச சபைகளும் கூடி, வழுக்கையாற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் ஒரே கூட்டுக்குழுவை அமைக்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அறிஞரும், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினரும், கமக்காரர் அமைப்புகளும் அதில் இடம்பெறவேண்டும். கிணறுகளின் நைத்திரேற்று அளவு ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டு, ஊர்வாரியாகச் சபை வாசலில் ஒட்டப்படவேண்டும். தன் கிணற்று நீரின் உண்மையை அறிவது ஒவ்வொரு குடும்பத்தினதும் உரிமை.

இரண்டாவதாக, அடித்தளம் இல்லாத மலக்குழிக்கு இனி ஒரு கட்டடத்துக்கும் அனுமதி வழங்கப்படலாகாது. அடியும் பக்கமும் சீமெந்திட்ட, நீர் கசியாத தொட்டி கட்டாயமாக்கப்படவேண்டும். விடுதிகள், கலியாண மண்டபங்கள், வைத்தியசாலைகள், மாடித்தொடர்கள் ஆகியவை தம் கழிவுநீரைத் தாமே சுத்திகரிக்கக் காலவரையறை விதிக்கவேண்டும். விதியை மீறுபவர் யாராயினும், அவர் எந்தக் கட்சியின் நண்பராயினும், நீதவான் முன் நிறுத்தப்படவேண்டும்.

மூன்றாவதாக, முழு நகருக்கும் குழாய்த் தொகுதி வரும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. பவுசர் வண்டி கொண்டுவரும் கழிவைச் சுத்திகரிக்கத் தனி நிலையம் அமைக்கலாம். தமிழ்நாட்டில் கருங்குழி என்னும் சிறிய பேரூராட்சி 2017இல் அத்தகைய நிலையத்தை நிறுவியது. கருங்குழியால் முடிந்தது யாழ்ப்பாணத்தால் முடியாதா? நகரின் நெருக்கமான வட்டாரங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குழாய்த் தொகுதியை விரிக்கலாம். அவ்வேலை செய்யும் தொழிலாளருக்கு இயந்திரமும், கவசமும், நிரந்தர நியமனமும், மனிதருக்குரிய மரியாதையும் வழங்கப்படவேண்டும். எந்தக் குழிக்குள்ளும் எந்த மனிதனும் இறங்கலாகாது.

நான்காவதாக, சுத்திகரித்த நீரைக் கடலில் விடுவது அறிவீனம். மழையற்ற எட்டு மாதங்களில் துளி நீருக்கும் ஏங்கும் மண் இது. முறைப்படி சுத்திகரித்துச் சோதித்த நீரைத் தென்னைக்கும், மாட்டுத்தீனிப் புல்லுக்கும், மரச்சோலைக்கும் பாய்ச்சலாம். அதில் எஞ்சும் நைதரசன் கமக்காரரின் உரச்செலவைக் குறைக்கும். அதற்கு ஈடாகக் கமக்காரரும், மண்ணைச் சோதித்துத் தேவையான அளவு மட்டுமே உரமிடுவோம் என்று உறுதி கொள்ளவேண்டும். நகரம் தன் அழுக்கை நீராக்கித் தரட்டும். கிராமம் தன் கிணற்றைக் காத்துத் தரட்டும். இந்த உடன்படிக்கையைப் போன்ற தேசிய ஒருமைப்பாடு வேறில்லை.

இவற்றுள் எதுவும் வானத்து அமுதன்று. சட்டம் இருக்கிறது, முன்மாதிரி இருக்கிறது, அறிவு இருக்கிறது. மனமே வேண்டும். வரும் வரவுசெலவுத் திட்டத்தின்போது உங்கள் வட்டார உறுப்பினரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “வீதிவிளக்குக்கு எவ்வளவு என்பதைச் சொன்னீர்கள். எங்கள் கழிவுநீருக்கு எவ்வளவு?” அவர் மறுமொழி சொல்லமுடியாமல் நிற்கும் நாளில்தான் யாழ்ப்பாணத்தின் கழிவுநீர்த் திட்டம் உண்மையில் தொடங்கும்.

முதலிற் சொன்ன இரு சகோதரரும் வழக்கைச் சமாதானமாக முடித்தார்கள். மதிலை நேராக்க இணங்கியதோடு, இருவர் காணிக்கும் பொதுவாக, இரு கிணறுகளுக்கும் எட்டத்தில், அடியிட்ட தொட்டி ஒன்றைச் சேர்ந்து கட்டவும் இணங்கினார்கள். அதை உறுதியில் எழுதும்படி கேட்டார்கள், எழுதினேன். கிணற்றிற் பங்கு எழுதும் நாட்டில், கழிவுக்கும் பொறுப்பு எழுதிய முதல் உறுதியாக அது இருக்கலாம். அதுவே கடைசி உறுதியாக இருந்துவிடலாகாது.